ஜேர்மன் போர்ச் சின்னம் வாங்குகிறவர்கள் அதன் முதுகைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் பழைய நாணயமும் முத்திரையும் சேர்ப்பவர்களிடையே இப்போது ஒரு புதுச் சரக்கு புழங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜேர்மன் இராணுவச் சின்னங்கள்தான் அவை. காயச் சின்னம், காலாட்படைத் தாக்குதல் சின்னம், இரும்புச் சிலுவை என்று முகநூலில் படம் போட்டு விற்கிறார்கள். முதுகில் இருக்கும் ஒரு சிறிய எண்ணைக் காட்டி, "இது கம்பனி நம்பர், ஆகவே ஒரிஜினல்" என்கிறார்கள். வாங்குபவரும் இணையத்தில் அந்த எண்ணைத் தேடுகிறார், பேர்லினில் இருந்த ஒரு நிறுவனத்தின் பெயர் வருகிறது, காசைக் கட்டிவிடுகிறார். பத்திரிகைகளும் முன்பக்கப் படத்தை மட்டும் அச்சிட்டு "அரிய பொக்கிஷம்" என்று எழுதிவிடுகின்றன.

ஒரு எண்ணைப் பொறிக்க ஐந்து நிமிடம் போதும். அந்தச் சின்னத்தை அடித்த அச்சையும், அதற்கு எடுத்த உலோகத்தையும், பின்னால் பூட்டிய ஊசி, பிணைச்சல், கொக்கி ஆகியவற்றையும் அவ்வளவு இலேசாகப் போலி செய்ய முடியாது. செய்த பட்டறையை இவைதான் காட்டிக்கொடுக்கும். எண்ணைக் கடைசியில் பார்க்க வேண்டும், அதுவும் மற்ற மூன்றோடும் அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்.

முதலில் ஒரு கதையைக் கழித்துவிடலாம். "ஹெர்மிஸ் கப்பலில் இருந்து எடுத்தது" என்று சொல்லி ஜேர்மன் சின்னம் விற்கப்படுகிறது. ஹெர்மிஸ் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் அதை மூழ்கடித்தவை ஜப்பானிய விமானங்கள். இறந்தவர்கள் 307 பேர். அதில் ஜேர்மன் சின்னத்துக்கு என்ன வேலை? கப்பல் கிடப்பதோ ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, போரின் பிற்பாதியில் இந்தச் சின்னங்களில் பெரும்பாலானவை நாகம் என்கிற துத்தநாகத்தில் செய்யப்பட்டவை. பலநாள் கலங்களின் அடியில் நாகக் கட்டி பூட்டுவது ஏன் என்று வாழைச்சேனைத் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கடல் நீர் மற்ற உலோகத்தை விட்டுவிட்டு முதலில் நாகத்தைத்தான் தின்னும். எண்பது வருடம் உப்புநீரில் கிடந்த நாகச் சின்னம் கழுகின் இறகுகள் எண்ணத்தக்கதாகக் கைக்கு வராது.

இனி எண்கள். இங்கு குழப்பம் வருவது இரண்டு எண் வரிசைகள் இருந்ததால். 1941இல் ஜேர்மன் பதக்கத் தயாரிப்பாளர்களுக்கென ஒரு கூட்டமைப்பு அமைந்தது. கடைகளில் தனிப்பட்ட விற்பனைக்குச் செய்த பொருளில் அது கொடுத்த எண் 'எல்' என்ற எழுத்தும் சாய்கோடும் முன்னால் நிற்க வரும். அரசு நேரடியாக வாங்கி வீரர்களுக்கு வழங்கிய பொருளில் ஜனாதிபதி அலுவலகம் கொடுத்த வெறும் எண் வரும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டும் இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பேர்லின் யுங்கர் நிறுவனத்துக்கு எல்/12, வெறும் எண் 2. மியூனிக் டெஷ்லருக்கு எல்/10, வெறும் எண் 1. லூடன்ஷைட் டொய்மருக்கு எல்/11, வெறும் எண் 3. அதே ஊர் ஷ்டைன்ஹவர் உண்ட் லூக்குக்கு எல்/16, வெறும் எண் 4. போர்ட்ஸ்ஹைம் மாயருக்கு எல்/18, வெறும் எண் 26.

சாய்கோட்டை விட்டுவிட்டு வாசித்தால் எங்கே போய் விழுவோம் என்பதற்கு 21 நல்ல உதாரணம். வெறும் 21 என்றால் பேர்லின் கோடே. எல்/21 என்றால் போர்ட்ஸ்ஹைம் நகரின் ஃபோர்ஸ்டர் உண்ட் பார்ட். 15உம் அப்படித்தான்: எல்/15 ஷிக்லே, வெறும் 15 வியன்னாவின் ஓர்ட். பெயரும் ஊரும் மாறினால் விலையும் மாறும். எல் எண் வரிசையே 1941இல் வந்ததால், "1939இல் வழங்கியது" என்று சொல்லி எல் எண் உள்ள பொருளைக் காட்டுபவர் ஏதோ ஒன்றைத் தவறாகச் சொல்கிறார். 'எம்1' என்று தொடங்கும் எண் இந்த இரண்டிலும் சேராது. அது நாசிக் கட்சிச் சின்னங்களுக்குரிய வேறு கணக்கு. 800 என்று இருந்தால் அது நிறுவனமே அல்ல, ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி என்ற முத்திரை. 916ஐப் பார்த்துப் பழகிய நம் நகைக்கடைக்காரர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். வெளியூர்ச் சேகரிப்பாளர்தான் '800ஆம் நம்பர் கம்பனி' தேடுவார்.

தாக்குதல் சின்னங்களில் எண்ணைவிட முதலெழுத்துகளே அதிகம். எஃப்.எல்.எல். என்றால் லூடன்ஷைட் ஃபிரீட்ரிக் லிண்டன், ஜி.டபிள்யூ.எல். என்றால் அதே ஊரின் வேகர்ஹோஃப் சகோதரர்கள், ஜே.எஃப்.எஸ். என்றால் கப்லொன்ஸ் நகரின் யோசெப் ஃபைக்ஸ். அஸ்மான் நிறுவனம் தன் 'ஏ' எழுத்தைச் சித்திரம்போல் வளைத்துப் போடும். கடற்படைச் சின்னங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. கடற்கண்ணி அகற்றும் கண்ணிவாரிக் கப்பல் சின்னத்தின் முதுகில் 'ஃபெக். ஓட்டோ பிளாட்செக் பேர்லின், அவுஸ்ஃப். ஷ்வெரின் பேர்லின்' என்று காணலாம். 'ஃபெக்' என்பது இலத்தீன் சொல்லின் சுருக்கம், 'செய்தான்' என்று பொருள்படும். அதை நம்பிப் பலர் பிளாட்செக்கைத் தயாரிப்பாளர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் வடிவத்தை வரைந்த கலைஞர். 'அவுஸ்ஃப்' என்பதற்குப் பின்னால் வரும் ஷ்வெரின்தான் பட்டறை. பெருங்கடற்படைச் சின்னத்தில் வரும் அடோல்ஃப் பொக் என்ற பெயரும் அப்படியே, அவர் ஓவியர்.

உண்மையான சின்னங்களில் எழுத்தோ எண்ணோ இல்லாதவையும் ஏராளம். குறி இல்லை என்பதற்காகப் போலி என்று தள்ளிவிட முடியாது. அங்கேதான் அச்சைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை எஃகு அச்சில் வைத்து அழுத்தி அடிக்கப்பட்டவை. அச்சில் ஒரு கீறலோ வெடிப்போ விழுந்தால், அதற்குப் பிறகு அடித்த ஒவ்வொரு சின்னத்திலும் அதே இடத்தில் மயிரிழை போன்ற ஒரு மேடு எழும். ஒரு பட்டறையின் குறியில்லாச் சின்னத்தைக் குறியுள்ளதோடு சேர்த்துவைத்து அடையாளம் காண்பது இந்த மேட்டை வைத்துத்தான். ஓக் இலையின் எந்த நரம்பில் அது ஏறுகிறது, கழுகின் எந்த இறகில் முடிகிறது என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நகைத்தொழிலாளி கண்ணில் செருகுவாரே, அந்த லென்ஸ் போதும். போலி செய்பவர் பெரும்பாலும் உண்மைச் சின்னம் ஒன்றை அச்செடுத்து உலோகத்தை ஊற்றி வார்ப்பார். வார்ப்பு ஆறும்போது சுருங்கும். ஆகவே அகலமும் உயரமும் மூலத்தைவிட நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு குறையும். வேணியர் இடுக்கிமானி வைத்து அளந்தால் அரை மில்லிமீற்றர் வித்தியாசம்கூடத் தப்பாது. வார்ப்பில் காற்றுக்குமிழ் நின்ற இடங்கள் ஊசி குத்தியதுபோல் பள்ளமாகவோ கடுகுபோல் மேடாகவோ தெரியும். இறகு நுனி, துப்பாக்கியின் குதிரை, மாலையின் முடிச்சு போன்ற கூர்மையான இடங்கள் சவர்க்காரம் கரைந்ததுபோல் மழுங்கிக் கிடக்கும்.

காலாட்படைத் தாக்குதல் சின்னத்தையே எடுங்கள். 1939 டிசம்பர் 20ஆம் திகதி ஏற்படுத்தப்பட்டது. காலாட்படைக்கு வெள்ளி நிறம், மோட்டார் வாகனங்களில் சென்ற காலாட்படைக்கு வெண்கல நிறம். ஓக் இலை மாலைக்குள் சாய்வாக ஒரு துப்பாக்கி. மாலைக்கும் துப்பாக்கிக்கும் இடையில் வெட்டுத் துளைகள். அந்தத் துளையின் உள்விளிம்பை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். துளைக்கும் கருவியால் ஒரே அடியில் வெட்டியிருந்தால் விளிம்பில் மேலிருந்து கீழாக நேர்கோடுகள் ஓடும். அரம் போட்டுச் சீவியிருந்தால் குறுக்குக் கோடுகளாகவும் அங்குமிங்குமாகவும் இருக்கும். அடுத்து முதுகு. உள்ளே குழிந்த முதுகு உள்ள சின்னத்தில், முன்பக்கம் மேடாக நிற்பது பின்பக்கம் பள்ளமாகப் பதிந்திருக்க வேண்டும். தகட்டை அச்சில் அழுத்தினால் வேறு விதமாக வராது. வார்ப்பில் அந்தப் பள்ளம் மழுங்கி, இலை எது துப்பாக்கி எது என்று தெரியாமல் கிடக்கும்.

முதுகில் உள்ள குறியையும் அதே லென்ஸில் பாருங்கள். முளையால் அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் சற்றுப் பிதுங்கி நிற்கும். அச்சிலேயே இருந்த எழுத்து மேடாக, ஓரம் கூராக வரும். வார்ப்பில் வந்த எழுத்தின் அடி உருண்டு இருக்கும். லேசரில் எரித்த எழுத்தின் அடி தட்டையாகவும் பொரிபொரியாகவும் இருக்கும், அந்தக் காலத்தில் அது கிடையாது.

ஊசி, பிணைச்சல், கொக்கி மூன்றும் பட்டறைக்குப் பட்டறை மாறும். உருண்டை ஊசி, தட்டை ஊசி, நடுவில் வயிறு வைத்த ஊசி என்று உண்டு. வளைந்த கம்பிக் கொக்கியும் தகட்டில் வெட்டிய கொக்கியும் உண்டு. ஒரு பட்டறையின் குறியோடு இன்னொரு பட்டறையின் பிணைச்சல் வந்தால் ஒன்று பழுதுபார்த்த பொருள், அல்லது போலி. பித்தளைச் சின்னத்தில் இவற்றைப் பற்றாசு வைத்து ஒட்டலாம். நாகத்தில் அப்படி முடியாது. நாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும், வெள்ளிப் பற்றாசுக்கு அதைவிட மிக அதிக வெப்பம் வேண்டும். அதனால் நாகச் சின்னங்களில் பிணைச்சலைக் குழிக்குள் வைத்து நசுக்கிப் பூட்டியிருப்பார்கள், அல்லது மெல்லிய ஈயப் பற்றாசில் ஒட்டியிருப்பார்கள். நாகத்தின் மேல் பளபளக்கும் பற்றாசுக் குவியல் கண்டால் ஊசி பிறகு பூட்டப்பட்டது என்று கொள்க. எண்பது வருடம் பூட்டித் திறந்த ஊசி கொக்கியில் உராய்ந்த இடம் தேய்ந்திருக்கும். ஊசி சுற்றிய வழியில் முதுகில் வில்போல ஒரு கீறலும் இருக்கும். போலியில் ஊசியும் முதுகும் ஒரே அளவில் கறுத்திருக்கும், ஒரே திராவகத்தில் தோய்த்ததால்.

உலோகம் பற்றி. போரின் தொடக்கத்தில் செம்பு மிகுந்த டோம்பாக் பித்தளையும் நொய்சில்பரும் பயன்பட்டன. நொய்சில்பர் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் 'ஜெர்மன் சில்வர்' தட்டு, செம்பு என்கிறோமே, அதே செம்பு-நிக்கல்-நாகக் கலவை. வெள்ளி என்ற பெயர் மட்டும்தான். செம்பும் நிக்கலும் ஆயுதங்களுக்குத் தேவைப்பட்டதும் 1942 அளவில் நாகத்துக்கு மாறினார்கள். நாகத்தின் மேல் பூசிய வெள்ளி நிறம் காலப்போக்கில் உலோகத்துக்குள் இறங்கிச் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். நாகச் சின்னம் இன்று புதுக் கல்யாண மோதிரம்போல் மின்னினால் யோசிக்க வேண்டும். இரும்புச் சிலுவையில் நடுக்கட்டை கறுப்புப் பூச்சுள்ள இரும்பு, சுற்றுச் சட்டம் இரண்டு துண்டாக அடித்து ஒட்டியது. காந்தம் நடுவில் ஒட்ட வேண்டும், ஓரத்தில் ஒட்டக்கூடாது. நடுவில் ஒட்டாத அசலும் அரிதாக உண்டு, ஆனால் அதை நம்பி வாங்குவது அனுபவசாலிகளின் வேலை. கறுப்புக் காயச் சின்னம் தகட்டில் உள்குழிவாக அடித்தது. முதலில் பித்தளை, பிறகு இரும்பு. அதன் முதுகில் 30 என்று இருந்தால் வியன்னா நாணயச்சாலை, 107 என்றால் ஹம்பேர்க் கார்ல் வில்ட்.

எந்த உலோகம் என்று உரசாமல், திராவகம் விடாமல் அறிய ஒரு வழி உண்டு. நகைக்கடையில் உள்ளதுபோல் 0.01 கிராம் காட்டும் இலத்திரனியல் தராசு வேண்டும். ஈரமில்லாத சின்னத்தின் நிறையை முதலில் எடுத்து எழுதுங்கள். பிறகு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் வைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சின்னத்தை மெல்லிய தங்கூசியில் கட்டி, கோப்பையின் அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்க மூழ்கும்படி கையில் தூக்கிப் பிடியுங்கள். ஒட்டிய குமிழ்களை ஆட்டி விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் சின்னத்தின் கனவளவு. முதல் நிறையை இதனால் வகுத்தால் அடர்த்தி வரும். 24.00 கிராம் சின்னத்துக்குத் தண்ணீரில் 3.36 வந்தால் 7.14, அது நாகம். 2.80 அளவில் வந்தால் 8.6, பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர். 3.60 வந்தால் 6.67, அது இந்தக் காலத்து விளையாட்டுக் கார்களை வார்க்கும் நாக-அலுமினியக் கலவை. வெள்ளீயம் 7.3இல் நிற்பதால் நாகத்தோடு குழம்பும், அங்கே மற்றச் சோதனைகள் வேண்டும். 0.1 கிராம் தராசில் இதைச் செய்யாதீர்கள். 3.4 என்று காட்டுவது 3.35ஆகவும் இருக்கலாம் 3.45ஆகவும் இருக்கலாம், விடை 7.16க்கும் 6.96க்கும் இடையில் ஊசலாடும், கை நடுக்கத்தையும் சேர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. இரும்புச் சிலுவையைத் தண்ணீரில் போடவே கூடாது. சட்டத்தின் இடுக்கால் ஈரம் உள்ளே போய் நடுக்கட்டை துருப்பிடிக்கும்.

இரண்டு வகைப் பொருள்கள் போலிக்கும் அசலுக்கும் நடுவில் நிற்கின்றன. 1957 ஜூலையில் மேற்கு ஜேர்மனி கொண்டுவந்த சட்டம், நாசிச் சின்னத்தை நீக்கிய வடிவில் பழைய விருதுகளை அணிய அனுமதித்தது. இரும்புச் சிலுவையின் நடுவில் அதற்குப் பதிலாக ஓக் இலை இருக்கும். அவை சட்டப்படி செய்த பொருள்கள்தான், ஆனால் போர்க்காலத்தவை அல்ல, போர்க்கால விலையும் பெறாது. மற்றது வியன்னாவின் சூவால் நிறுவனம். போருக்குப் பிறகும் பழைய அச்சுகளைக் கொண்டே சின்னம் அடித்து விற்றது. அச்சு அசல், காலம் பிந்தியது. ஆர்.எஸ். அல்லது எல்/58 என்ற குறியைக் கண்டால் உலோகத்தையும் ஊசியையும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். 1914 என்ற ஆண்டும் கிரீடமும் உள்ள சிலுவை முதலாம் உலகப் போருக்குரியது, சென்னையில் குண்டு போட்டு நம் வாயில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்ட எம்டன் காலத்தது. அதை 'ஹிட்லர் காலத்து' என்று விற்பவர் எம்டனா அப்பாவியா என்று சொல்வது கடினம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் கழுவாதீர்கள். குத்துவிளக்கை மினுக்கும் பழப்புளியும் தேசிக்காயும் நாகத்தில் பட்டால் பொங்கி மேற்பூச்சை உரித்துவிடும். அச்சு மேட்டின் மயிரிழையும் அதோடு போய்விடும். மினுக்கிய சின்னத்தில் தயாரிப்பாளரைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம் ஊர்க் காற்றில் நாகம் வெள்ளைப் பொடி பூக்கும், மாரியில் இன்னும் மோசம். நெகிழ்வான பீவீசி பிளாஸ்டிக் அல்பம் வேண்டாம், அது பித்தளையில் பச்சைப் பிசின் கட்டும். மரப்பெட்டியும் வேண்டாம், மரத்தில் இருந்து வரும் அமில ஆவி நாகத்தை அரிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் இட்டு, காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறினால் ஜெல்லை 120 பாகை அடுப்பில் இரண்டு மணித்தியாலம் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சின்னங்களில் உள்ள வளைந்த சிலுவை நம் கோயில் கதவில் உள்ள சுவஸ்திகம் அல்ல. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியின் அடையாளம். ஜேர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவதே குற்றம். பெட்டியில் வைத்துப் படிப்பது ஒன்று, இளைஞர் சிலர் செய்வதுபோல் தொப்பியில் குத்திக்கொண்டு கடற்கரையில் திரிவது வேறு.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பொருள் ஏதும் கிடைத்ததாக வாசகர் படம் அனுப்பினால், முன்பக்கத்தோடு முதுகையும் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோல் வைத்து, விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் மேடும் பள்ளமும் நிழல் விடும். பிணைச்சலும் கொக்கியும் தனித்தனியாக நெருக்கத்தில் ஒவ்வொரு படம். நிறை எத்தனை கிராம், காந்தம் ஒட்டுகிறதா என்று ஒரு வரி. அந்த நாலு படமும் ஒரு வரியும் இருந்தால் கல்லடியில் இருப்பவரும் பொத்துவிலில் இருப்பவரும் பொருளைக் கையில் எடுக்காமலே அதன் பட்டறையைப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழம்பொருள் சேகரிப்போர் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.